வசதியான வீட்ல தான் வீட்டோட தங்கி வேலை செய்றவங்கள இப்படி நடத்துறாங்களா? ஏன்?

கணக்கு_டியூஷன்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு, யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம இங்க கேக்குறேன். நான் வீடு வீடா போய் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குறேன். வாரத்துல 2 நாள் ஒரு பெரிய வீட்டுக்கு போவேன், கேட்லருந்து வாசப்படிக்கு நடக்கவே நேரமாகும், அந்த மாதிரி வீடு. என்கிட்ட ரொம்ப மரியாதையா பேசுவாங்க, ஃபீஸ் ஒரு மாசம் கூட லேட் ஆனதில்ல, மழை பெஞ்சா வண்டில கொண்டு போய் விட சொல்வாங்க. நல்லவங்கன்னு தான் நெனச்சிட்டிருந்தேன். இப்பவும் கெட்டவங்கன்னு சொல்ல வாய் வரல, அதான் பிரச்சனையே.

அங்க ஒரு அக்கா வீட்டோட தங்கி வேலை பாக்குறாங்க, வெளியூர்லருந்து வந்தவங்க. சாயங்காலம் 5 மணிக்கு போனாலும் வேலை செஞ்சிட்டிருப்பாங்க, பரீட்சை சமயத்துல ஒரு நாள் காலைல 6 மணிக்கு போனேன் அப்பவும் வேலை, இன்னொரு நாள் ராத்திரி 10 ஆயிடுச்சு அப்பவும் வேலை. அவங்க போன் மேடம் ரூம் ட்ராயர்ல இருக்கும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைல குடுப்பாங்களாம். படுக்கறது துணி தேய்க்கிற ரூம்ல, உள்பக்கம் தாழ்ப்பாள் கெடையாது. இதெல்லாம் பையன் தான் சொன்னான், வீட்ல எத்தன ஃபேன் இருக்குன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னான்.

ஆனா என்னை உறுத்துனது வேற ஒண்ணு. கை கழுவ போனப்போ பாத்தேன், பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டில்ல கறுப்பு மார்க்கர்ல கோடு கோடா போட்டு பக்கத்துல தேதி எழுதிருக்கு. ஒரு நாளைக்கு எவ்ளோ குறையுதுன்னு பாக்கறதுக்காம். அதே வீட்டு ஹால்ல சார் கழட்டி வச்ச வாட்ச் நாலு நாளா கேட்பாரில்லாம கெடக்கு, என் ஒரு வருஷ வருமானம் அதுல அடங்கிடும்.

கஞ்சத்தனம்னா எனக்கு புரியும். இவங்க கஞ்சம் இல்ல. அந்த அக்காவுக்கு வாரம் ஒரு நாள் லீவு குடுத்தா இவங்களுக்கு என்ன குறையும்? ஒரு தாழ்ப்பாள் போட எவ்ளோ ஆகும்? லாபமே இல்லாத எடத்துல ஒருத்தர இவ்ளோ இறுக்கி வச்சிக்கிறது எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தேன்

காசு திமிர். வேற என்ன. இதுக்கு ஒரு திரெட் வேற.

கணக்கு_டியூஷன்

திமிர்னா என்கிட்டயும் காட்டணுமே ப்ரோ. அவங்க வசதிக்கு நானும் ஒண்ணுமில்லாதவன் தான். என்கிட்ட காட்டலயே.

முன்னாள்_ஏஜென்ட்

நல்ல கேள்வி கேட்டீங்க தம்பி, உங்க ரெண்டாவது பதிவுலயே பாதி பதில் இருக்கு. நீங்க 2 மணி நேரம் வர்றீங்க, பாடம் சொல்றீங்க, கெளம்பிடுறீங்க. பிடிக்கலன்னா அடுத்த வாரம் வரமாட்டீங்க, நாலு பேர்கிட்ட சொல்லுவீங்க. அவங்க உங்க நேரத்த வாங்குறாங்க. அந்த பொண்ணோட விஷயத்துல வாங்குனது நேரம் இல்ல, ஆளு.

நான் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சில 6 வருஷம் இருந்தேன், இப்ப இல்ல. பெருமையா சொல்லிக்கிற வேலையும் இல்ல. அங்க பாத்தத சொல்றேன். கஸ்டமர் வந்து உக்காந்தா மொதல்ல ஃபைல் காட்டுவோம், ஃபோட்டோ, வயசு, உயரம், எடை (எடை எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல). மொத்தமா ஒரு தொகை எங்ககிட்ட கட்டுவாங்க. 'ஆறு மாசத்துக்குள்ள பிடிக்கலன்னா மாத்தி தருவோம்'னு ஒரு பேப்பர் குடுப்போம், அதுக்கு நாங்க வச்ச பேரு ரீப்ளேஸ்மென்ட் கேரண்டி. மிக்ஸிக்கு குடுக்குற கேரண்டி மாதிரியே தான் இருக்கும். இப்படி கைல குடுத்துட்டு, அவங்க அந்த பொண்ண மனுஷியா பாக்கலன்னு நாங்க பின்னாடி வருத்தப்பட்டா அதுல என்ன நியாயம்?

மொத்தமா காசு கட்டினவங்களுக்கு மொதல் நாள்லருந்தே ஒரே பயம் தான். ஓடிப் போயிட்டா? கட்டின காசு போச்சே. அதனால பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்குவாங்க, போன வாங்கி வச்சிக்குவாங்க, பக்கத்து வீட்டு வேலைக்கார பொண்ணோட பேசக்கூடாதும்பாங்க. அந்தப் பக்கம் அந்த பொண்ணு கடன் வாங்கிட்டு வந்திருக்கும், மொத சில மாச சம்பளம் அப்படியே பிடித்தத்துல போகும். ஆக ரெண்டு பக்கமும் கட்டிப் போட்டாச்சு. கொஞ்ச நாடுகள்ல இன்னும் மோசம், விசாவே மொதலாளி பேர்ல தொங்கும், கஃபாலா முறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அவர விட்டு வெளிய வந்தா அந்த நிமிஷமே அந்த பொண்ணு சட்டவிரோதமா தங்குற ஆளு. அடி வாங்கிட்டு ஓடி வந்தாலும் குத்தவாளி அவ தான்.

இதுல ஒரு பேப்பர் விவரமும் சொல்லிடறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 2021ல போட்ட கணக்குப்படி உலகத்துல வீட்டு வேலை செய்றவங்க சுமார் 7.56 கோடி பேர், நாலுல மூணு பேர் பொண்ணுங்க, மொத்தத்துல 81 சதவீதம் பேருக்கு சட்டப் பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு எதுவும் கெடைக்காத முறைசாரா வேலை. 2011லயே இவங்களுக்குன்னு 189வது உடன்படிக்கை கொண்டு வந்தாங்க. வாரத்துக்கு தொடர்ச்சியா 24 மணி நேரமாவது ஓய்வு, அந்த ஓய்வு நேரத்துல வீட்டுக்குள்ளயே கெடக்கணும்னு கட்டாயம் இல்ல, பாஸ்போர்ட் அடையாள அட்டை எல்லாம் அவங்க கைல தான் இருக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. உலகத்துல பாதி நாடு கூட இன்னும் அத ஏத்துக்கல. நாங்க ஏஜென்சில இருந்தப்போ அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்க யாருக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் ஃபைல்ல வச்சிருக்க மாட்டோம்.

மாலைநேரப்_பறவை

மேல சொன்னது சரி, ஆனா அது 'எப்படி முடியுது'ங்கறதுக்கு பதில், 'ஏன் செய்றாங்க'ங்கறதுக்கு இல்லன்னு தோணுது. கதவு தெறந்திருக்கறதனால மட்டும் எல்லாரும் திருட மாட்டோம்ல.

நான் சைக்காலஜி படிச்சவ, ஒரு பழைய சோதனை சொல்றேன். 1966ல மெல்வின் லெர்னரும் அவர் கூட இருந்தவங்களும் செஞ்சது. ஒரு பொண்ணுக்கு ஷாக் அடிக்கிற மாதிரி நடிக்க வச்சு அத கொஞ்ச பேர பாக்க விட்டாங்க, பாக்கறவங்களுக்கு அது நடிப்புன்னு தெரியாது. ஷாக்க நிறுத்த வாய்ப்பு குடுத்தப்போ பெரும்பாலானவங்க நிறுத்த தான் சொன்னாங்க. ஆனா நிறுத்த முடியாது, இன்னும் தொடரும்னு தெரிஞ்ச கோஷ்டி என்ன பண்ணுச்சுன்னா அந்த பொண்ணையே மட்டம் தட்ட ஆரம்பிச்சாங்க, அவ அப்படி ஒண்ணும் நல்ல ஆளா தெரியலன்னு மார்க் குறைச்சு போட்டாங்க. பாவம் பாவம்னு பாத்துட்டே இருக்க மனுஷனால முடியாது. ஒண்ணு நிறுத்தணும், இல்ல 'அவளுக்கு இது தகும்'னு மனச தேத்திக்கணும்.

இத வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. கண்ணு முன்னாடி ஒருத்தி 16 மணி நேரம் நிக்கிறா, நீங்க சோபால உக்காந்திருக்கீங்க. தெனமும். உள்ளுக்குள்ள எங்கயோ குத்தும். குத்துறத நிறுத்த ரெண்டு வழி, அவளுக்கு ஓய்வு குடுக்கணும் (அப்ப பாத்திரத்த யாரு கழுவுறது), இல்லன்னா 'இவங்களுக்கெல்லாம் களைப்பு தெரியாது, பழகிடுச்சு, ஊர்ல இத விட கஷ்டப்பட்டவங்க தானே, கொஞ்சம் விட்டா தலைல ஏறிடுவாங்க'ன்னு ஒரு கதை கட்டணும். கதை சுலபம். நாம வெறுக்கறதால கொடுமை பண்றோம்னு நெனக்கிறோம், நெறைய எடத்துல தலைகீழ் தான், மோசமா நடத்திட்டு அப்புறம் அந்த நடத்தைக்கு ஏத்த மாதிரி வெறுக்க கத்துக்கறோம்.

'பணக்காரங்களுக்கு இரக்கம் கம்மின்னு ஆராய்ச்சி சொல்லுது'ன்னு யாராவது வந்து சொல்லப் போறீங்கன்னா கொஞ்சம் பொறுங்க. 2012 வாக்குல அப்படி சில சோதனைகள் பிரபலமாச்சு தான், பின்னால திரும்ப செஞ்சு பாத்தப்போ எல்லா தடவையும் அதே முடிவு வரல. அதனால நான் அத பிடிச்சு தொங்க மாட்டேன்.

நாலு_வீடு

இந்த மாதிரி எடத்துல நான் எழுதுறதே இல்ல, என் பொண்ணு தான் போன்ல இத காமிச்சு நீ எழுதும்மான்னா. நான் வீட்டோட தங்கி 9 வருஷம் வேலை பாத்தேன், நாலு வீடு. எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

அந்த மார்க்கர் கோடு படிச்சதும் சிரிச்சிட்டேன். என் மூணாவது வீட்ல எண்ணெய் பாட்டில்லயே கோடு இருக்கும். துணி துவைக்கிற லிக்விட்லயும் இருக்கும், நான் அதுல தண்ணி ஊத்தி கோட்டுக்கு சரி பண்ணி வச்சிடுவேன், அந்தம்மா டெய்லி குனிஞ்சு பாத்து திருப்தியா போகும். துணில அழுக்கு போகலன்னு அப்புறம் ஏசும். லிக்விட்ட யாரும் திருடல தம்பி, வீட்ல அவ்ளோ பாத்திரம் அவ்ளோ துணி, குறையத்தானே செய்யும். அந்த கோடு லிக்விட்டுக்கு போட்டதில்ல, எனக்கு போட்டது. நான் அந்த அறைல தனியா நிக்கும்போது கூட அந்தம்மா அங்க நிக்கிற மாதிரி இருக்கணும்ல, அதுக்கு.

வேலை கஷ்டம்னு நான் சொல்ல மாட்டேன், வேலைக்கு தானே போனோம். கஷ்டம் என்னன்னா அது எப்ப முடியும்னு தெரியாது. கடைல வேலை பாக்கறவங்களுக்கு ஷட்டர் எறக்குனா முடிஞ்சுது. எனக்கு ஷட்டர் இல்ல. படுத்துட்டேன்னு நெனப்பேன், சார் லேட்டா வருவார், சூடு பண்ணி வைன்னு குரல் வரும். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா ராத்திரி முழுக்க நான், காலைல வழக்கம் போல அஞ்சு மணிக்கும் நான். பத்து நிமிஷம் உக்காந்துட்டா 'சும்மா தானே இருக்க, இந்த அலமாரிய தொடச்சிடேன்'னு வரும். நான் உக்காந்திருக்கறத பாத்தாலே அந்தம்மாவுக்கு காசு வீணா போற மாதிரி இருக்கும் போல. அலமாரில தூசியே இருக்காது.

நாலு வீட்ல ரெண்டு வீடு நல்ல வீடு, அதையும் சொல்லணும். எது நல்ல வீடுன்னு கேட்டா நீங்க ஆச்சரியப்படுவீங்க. எங்கிட்ட ரொம்ப பாசமா பேசுன வீடு இல்ல. ரெண்டாவது வீட்டம்மா மூஞ்சில சிரிப்பே இருக்காது, ஆனா மொத நாளே ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுனாங்க, இத்தன மணிக்கு ஆரம்பம், மத்தியானம் ரெண்டு மணி நேரம் உன் ரூம், ராத்திரி எட்டரைக்கு மேல கூப்பிட மாட்டோம், கூப்பிட்டா அதுக்கு தனி காசு, ஞாயிறு உன் இஷ்டம். அதே மாதிரி நடந்துச்சு. எட்டரைக்கு மேல அவங்களே வந்து தண்ணி எடுத்து குடிப்பாங்க. ரெண்டு வருஷம் இருந்தேன், ஒரு தடவ கூட என்ன கட்டிப்பிடிச்சு அழுததில்ல, ஒரு நாள் சம்பளமும் நின்னதில்ல.

மோசமான வீடுன்னா நாலாவது. 'நீ எங்க வீட்டு பொண்ணு மாதிரி'ன்னு சொல்லி சொல்லியே கொன்னுட்டாங்க. வீட்டு பொண்ணுக்கு யாரு லீவு குடுப்பா, வீட்டு பொண்ணுக்கு எதுக்கு மாசாமாசம் சம்பளம், சேத்து வச்சு தர்றோம் உனக்கு நல்லது தானேன்னாங்க. ஏழு மாசம் சேத்து வச்சாங்க. சம்பளம் கேட்டப்போ அந்தம்மா மொகம் மாறுச்சு பாருங்க, நான் ஏதோ அவங்க குடும்பத்துக்கு துரோகம் பண்ண மாதிரி. பாதி தான் கைக்கு வந்துச்சு.

ஏன் அப்படி பண்றாங்கன்னு கேட்டீங்கல்ல. எனக்கு படிச்சவங்க மாதிரி சொல்ல தெரியாது. ஒண்ணு தெரியும். அந்த மூணாவது வீட்டம்மாவ அவங்க வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் கேவலமா பேசுவார், அந்தம்மா பதில் பேசாது. அன்னிக்கு சாயங்காலம் எனக்கு தான் விழும். எனக்கு அது பழகிடுச்சு, மேல மழை பெஞ்சா கீழ சாக்கடை ரொம்பும்ல. ஆனா அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அவர் திட்டுறப்போ நான் அங்க தட்ட எடுத்துட்டு நிப்பேன், அது தான் அந்தம்மாவுக்கு தாங்காது. அந்தம்மா எந்த மாத்திரை போட்டு தூங்குதுன்னு எனக்கு தெரியும், பாத்ரூம்ல தண்ணிய தெறந்து விட்டு அழறது தெரியும், வெளில யாருக்கும் தெரியாதது எல்லாம் எனக்கு தெரியும். எல்லாம் தெரிஞ்ச ஒருத்திய சமமா நிக்க விட்டா அவங்க எப்படி வெளிய தலை நிமிந்து போவாங்க? அதனால நான் ஒரு ஆளே இல்லன்னு ஆக்கிட்டா நிம்மதி. ஆளே இல்லாத எடத்துல எதுவும் நடக்கலன்னு தானே அர்த்தம்.

ரெண்டு_பக்கமும்

எல்லாரும் ஒரே பக்கமா பேசுறீங்க. நாங்களும் வீட்ல ஆள் வச்சிருக்கோம், பெரிய பணக்காரங்க இல்ல, ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், கைக்கொழந்தை இருக்கு. வேற வழி இல்ல. முன்ன இருந்த பொண்ணு ஒரு நாள் கொழந்தைய தூங்க வச்சிட்டு கதவ பூட்டிட்டு வெளிய போயிட்டா, ஒரு மணி நேரம் கொழந்தை தனியா இருந்துச்சு, கேமரால பாத்துட்டு நான் ஆபீஸ்லருந்து ஓடி வந்தேன், வர்ற வழி பூரா எனக்கு உயிர் இல்ல. அதுக்கப்புறம் யாரையும் நம்ப தோணல. கேமரா வச்சா தப்பு, ரூல்ஸ் போட்டா தப்பு, எல்லாத்துக்கும் கொடுமைக்காரங்கன்னா எப்படி? நானும் இப்ப இருக்கற பொண்ணோட பாஸ்போர்ட்ட லாக்கர்ல தான் வச்சிருக்கேன், அது தொலைஞ்சிடக் கூடாதுன்னு, பாதுகாப்புக்கு தான். அடிக்கிறவங்களையும் எங்களையும் ஒண்ணா சேக்காதீங்க.

நாலு_வீடு

கொழந்தைய விட்டுட்டு போனது தப்பு தான்மா, அதுல நான் அந்த பொண்ணுக்கு பரிஞ்சு பேச மாட்டேன். எனக்கும் கொழந்தை இருந்துச்சு, ஊர்ல விட்டுட்டு வந்து அடுத்தவங்க கொழந்தைய தூக்குனேன், அந்த பயம் எனக்கு தெரியும்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன் கோச்சிக்காதீங்க. உங்க பாஸ்போர்ட்ட பாதுகாப்பா யாரு வச்சிருக்கா?

முன்னாள்_ஏஜென்ட்

ரெண்டு_பக்கமும் மேடம், உங்க கோவம் எனக்கு புரியுது, இதே வார்த்தைய நூறு தடவ ஆபீஸ்ல கேட்டிருக்கேன். ஒரு ஆள் பண்ண தப்புக்கு அடுத்து வர்றவங்க ஜெயில்ல இருக்கணும்னு ஆயிடுது. அடுத்தவங்க பாஸ்போர்ட்ட அவங்க கேட்டும் குடுக்காம வச்சிக்கிறது கட்டாய உழைப்புக்கான அடையாளங்கள்ல ஒண்ணுன்னு ஐஎல்ஓ பட்டியல்லயே இருக்கு, சம்பளத்த நிறுத்தி வைக்கிறது, வெளிய யாரோடயும் பேச விடாம ஒதுக்கி வைக்கிறது எல்லாம் அதே பட்டியல் தான். நீங்க அடிக்கிற ஆள் இல்ல, நம்புறேன். ஆனா அடிக்கிற வீட்லயும் இதே லாக்கர் தான், அங்கயும் இதே 'பாதுகாப்பு'ங்கற வார்த்தை தான். அந்த பொண்ணுக்கே பூட்டு உள்ள ஒரு சின்ன டப்பா வாங்கி குடுத்துடுங்க, சாவி அவ கைல. தொலையாது.

ரெண்டு_பக்கமும்

அவ இது வரைக்கும் கேக்கவே இல்லயே.

நாலு_வீடு

கேக்க மாட்டாம்மா. நான் ஒம்போது வருஷத்துல ஒரே ஒரு தடவ தான் கேட்டேன், அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னா 'எங்க போகப் போற?'

தாத்தா_வீட்டு_மாடி

நான் அந்த மாதிரி வீட்டு புள்ள. அதனால நான் ஒண்ணு சொல்லிக்கறேன், பெருசா எழுத வராது.

எங்க வீட்ல சாப்பாட்டு மேசைக்கு கீழ ஒரு பெல் பட்டன் இருந்துச்சு, கால்ல அழுத்துனா கிச்சன்ல அடிக்கும். சின்ன வயசுல எனக்கு அது ஒரு விளையாட்டு. அழுத்துவேன், வீட்ல வேலை பாக்குறவங்க ஓடி வருவாங்க, நான் மேசைக்கு கீழ ஒளிஞ்சுக்குவேன், யாரும் கூப்பிடலயேன்னு திரும்பி போவாங்க, மறுபடி அழுத்துவேன். ஒரு நாள் பத்து பன்னெண்டு தடவ வந்திருப்பாங்க. அம்மா பாத்துட்டு திட்டுனாங்க. எதுக்கு திட்டுனாங்கன்னா, பெல் கெட்டுடும்னு.

அத ஞாபகம் வச்சிருக்கேன். அம்மா யாருக்கும் கெடுதல் நெனக்காத ஆளு, இப்பவும் சொல்லுவேன். அவங்களுக்கு அங்க ஒரு ஆள் ஓடுறா, அவளுக்கு கால் வலிக்கும்ங்கறது கண்ணுலயே படல. ஆறு வயசுல எனக்கும் படல. திமிர்னா கூட எதிர்ல ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா தானே காட்ட முடியும், இது அது கூட இல்ல. டியூஷன் சார் கேட்டதுக்கு இது பதிலான்னு தெரியல, அவர்கிட்ட மரியாதையா பேசுறதுக்கு காரணம் அவர அவங்க கண்ணுக்கு தெரியுது.

சும்மா_வந்தேன்

நான் மேல போட்ட ஒத்த வரிய வாபஸ் வாங்கிக்கறேன். சரி சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, அது என்ன பண்ணுது? ஃபேக்டரின்னா இன்ஸ்பெக்டர் வர்றார், இங்க ஏன் வரல?

மாலைநேரப்_பறவை

வீடுங்கறது வேலை செய்ற எடம்னே சட்டத்துக்கு ரொம்ப நாள் தோணல. அமெரிக்கால 1938ல குறைந்தபட்ச கூலிச் சட்டம் வந்தப்போ வீட்டு வேலை செய்றவங்கள வெளிய விட்டுட்டாங்க. 1974ல தான் உள்ள சேத்தாங்க, அப்பவும் வீட்டோட தங்கி வேலை செய்றவங்களுக்கு ஓவர்டைம் கெடையாதுன்னு ஒரு விலக்கு. யாருக்கு ஓவர்டைம் அதிகமோ அவங்களுக்கு தான் இல்ல, யோசிச்சு பாருங்க. பிரேசில்ல 2013ல அரசியலமைப்பையே திருத்தி தான் மத்த தொழிலாளிங்களுக்கு உள்ள வேலை நேர வரம்ப இவங்களுக்கும் கொண்டு வந்தாங்க.

இன்ஸ்பெக்டர் விஷயம், வீட்டுக்குள்ள நுழையறதுன்னா அந்தரங்கம்னு ஒரு உரிமை குறுக்க வருது. அந்த 189வது உடன்படிக்கையே கூட 'அந்தரங்கத்துக்கு உரிய மதிப்பு குடுத்து' தான் சோதனை பத்தி பேசுது. தப்புன்னும் சொல்ல முடியல, நாளைக்கு நம்ம வீட்டு கதவ தட்டுனா நமக்கும் பிடிக்காது. ஆனா அந்த வீட்ல ரெண்டு பேரோட அந்தரங்கம் இருக்கு, ஒருத்தரோடது தான் கணக்குல வருது. தாழ்ப்பாள் இல்லாத ரூம்ல படுக்கறவங்களோட அந்தரங்கம் எங்க போச்சு?

கணக்கு_டியூஷன்

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா திரும்ப திரும்ப படிச்சிட்டிருக்கேன். பெல் விஷயம் தூங்க விடல. இப்ப நான் என்ன பண்ணணும்? மேடம்கிட்ட நேரா பேசிடலாமா? இல்ல எங்கயாவது கம்ப்ளெயின்ட் பண்ணிடலாமா? டியூஷன் போனா போகட்டும்.

முன்னாள்_ஏஜென்ட்

அவசரப்படாதீங்க தம்பி. நீங்க மேடம்கிட்ட பேசுனா உங்களுக்கு டியூஷன் போகும், அந்த பொண்ணுக்கு நீங்க போனப்புறம் ராத்திரி இருக்கு. 'வெளியாள்கிட்ட என்னடி சொன்ன'ன்னு தான் ஆரம்பிக்கும். கம்ப்ளெயின்ட்டும் அப்படித்தான், அவங்களுக்கு தெரியாம நீங்க பண்ணி, கடன் அடையறதுக்கு முன்னாடி ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா அவங்க தலைல விழுறத நீங்க சுமக்கப் போறதில்ல. அடி உதை, பூட்டி வைக்கிறது, உயிருக்கு ஆபத்துன்னா வேற கதை, அப்ப யாரையும் கேக்காம போலீசுக்கு போன் பண்ணுங்க.

நாலு_வீடு

ஏஜென்ட் தம்பி சொன்னது சரி. அவங்ககிட்டயே கேளுங்க, தனியா, உங்களுக்கு என்ன வேணும்னு. பாவம் பாவம்னு மூஞ்சிய வச்சிக்காதீங்க, அது எங்களுக்கு எரிச்சலா இருக்கும். சாதாரணமா பேசுங்க. பேர் கேட்டீங்களா இது வரைக்கும்?

கணக்கு_டியூஷன்

கேக்கல. எட்டு மாசமா போறேன், அக்கான்னு தான் கூப்பிடுறேன். இத டைப் பண்ணவே கூச்சமா இருக்கு.

கணக்கு_டியூஷன்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், யாராவது இன்னும் இந்த பக்கம் வர்றீங்களான்னு தெரியல. நேத்து மேடம் வெளிய போயிருந்தாங்க, பையனுக்கு ஒரு டெஸ்ட் பேப்பர் குடுத்து உக்கார வச்சிட்டு தண்ணி குடிக்கிற சாக்குல கிச்சனுக்கு போனேன். பேர் கேட்டேன், சொன்னாங்க. நாலு_வீடு அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன், உங்களுக்கு ஏதாவது வேணுமாக்கான்னு. நான் எதிர்பாத்தது போன் கேப்பாங்க, ஊருக்கு போகணும்பாங்க, அழுவாங்க. வெளியூர் தொழிலாளர்களுக்கான உதவி நம்பர் ஒண்ண துண்டு சீட்டுல எழுதி பாக்கெட்ல வச்சிருந்தேன், அதையும் குடுத்தேன், வாங்கி மடிச்சு ப்ளவுஸ்குள்ள வச்சிக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லல.

அப்புறம் கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு 'நீங்க கணக்கு வாத்தியார் தானே'ன்னாங்க. மேல ஷெல்ஃப்ல பழைய டப்பாவுக்கு பின்னாடிலருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தாங்க, பையன் போன வருஷம் பாதி எழுதி தூக்கிப் போட்ட நோட்டு. பின்பக்கத்துலருந்து ஆரம்பிச்சு அவங்க எழுதிருக்காங்க. சேந்த தேதி, ஒவ்வொரு மாசமும் எவ்ளோ பேசுனாங்க, எவ்ளோ பிடிச்சாங்க, எவ்ளோ குடுத்தாங்க, ஒடைஞ்ச கப்புக்கு ஒரு தடவ கழிச்சது, எல்லாம் பென்சில்ல. இத சரி பாத்து குடுக்க முடியுமான்னு கேட்டாங்க, அவ்ளோ தான் கேட்டாங்க.

சிங்க் பக்கத்துல நின்னே கூட்டிப் பாத்தேன், அந்த மார்க்கர் பாட்டில் எதிர்லயே இருந்துச்சு. மொத்தம் சரியா தான் போட்டிருக்காங்க, ஒரே ஒரு எடத்துல தப்பு. ஒரு மாசம் அவங்களுக்கு குடுத்தத ரெண்டு தடவ எழுதி கழிச்சிருந்தாங்க. வரவேண்டியது அவங்க நெனச்சத விட ஜாஸ்தி. பென்சில்ல வட்டம் போட்டு காமிச்சேன், ரப்பர் இருக்கான்னு கேட்டாங்க.